பைக் சைலன்சர் இணைப்பில் புகை கசிகிறதா? பசையைத் தேடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். சில நிமிடம் ஓடிச் சூடேறியதும் அது குறைகிறது. சில வண்டிகளில் முழுதாகவே மறைந்துவிடுகிறது. அப்புறம் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சருக்குள் 'பட் பட்' என்று வெடிக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையில் எங்கோ ஓர் இணைப்பு கசிகிறது என்று சந்தேகப்படலாம்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், சூடு தாங்கும் பசை ஒரு டியூப் வாங்கி இணைப்பின் மேல் சுற்றிலும் அப்பிவிடுவது. கொஞ்ச நாள் சத்தம் நிற்கும். பிறகு பசை கருகி உதிர்ந்து, கசிவு பழையபடி ஆரம்பித்துவிடும். பசை மீது குறை சொல்லிப் பயனில்லை. அதால் முடியாத வேலையை அதனிடம் கொடுத்துவிட்டோம். புகைக்குழாய் இணைப்பை அடைப்பது அழுத்தம். இரண்டு உலோக முகங்கள் நேராக உட்கார்ந்து, நடுவிலுள்ள பேக்கிங்கை, அதாவது இடுக்கை அடைக்கும் வளையத்தை, சுற்றிலும் ஒரே அளவாக நசுக்கினால் புகை வெளியே வராது. பசை அந்த வேலைக்குத் துணை மட்டும்தான். சில இணைப்புகளுக்கு அந்தத் துணையும் வேண்டாம். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

தண்ணீர்க் குழாயில் அழுத்தம் எப்போதும் உள்ளிருந்து வெளியேதான் தள்ளும். புகைக்குழாய் அப்படியில்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு ஒரு முறை திறக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால், ஒற்றை சிலிண்டர் வண்டியில் வினாடிக்கு 10 தடவை புகை குபீரென்று குழாய்க்குள் பாய்கிறது. 6,000 சுற்றில் அது வினாடிக்கு 50. ஒவ்வொரு பாய்ச்சலின்போதும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. அதன் பின்னாலேயே, குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துபோகும் கணமும் வருகிறது.

ஆக, இணைப்பில் ஓர் இடுக்கு இருந்தால் அது புகையை வெளியே விடுவதோடு வெளிக்காற்றை உள்ளேயும் இழுக்கும். வெளியே பாயும்போது நமக்குக் கேட்பதுதான் அந்த 'டிக் டிக்'. உள்ளே இழுக்கும் காற்றால் வருவது 'பட் பட்'. ஆக்சிலரேட்டரை மூடியதும் சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல் கொஞ்சம் சூடான குழாய்க்குள் வந்து சேர்கிறது. எரிவதற்கு அதற்குத் தேவை ஆக்சிஜன் மட்டும்தான். அதை இடுக்கு கொண்டுவந்து கொடுக்கிறது. ஆனால் இந்த வெடிச்சத்தம் கேட்டாலே கசிவுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கார்புரேட்டரில் ஐடிலிங் கலவையில் பெட்ரோல் குறைந்திருந்தாலும் இதே சத்தம் வரும். சில வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்துவதற்காகவே வெளிக்காற்றைப் புகைப்பாதைக்குள் விடும் வால்வு ஒன்று இருக்கும். அது கெட்டுப்போனாலும் வரும்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் சென்சார் குழாயில் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் கசிவு இருந்தால், உள்ளே வந்த வெளிக்காற்றையும் சேர்த்தே அது அளக்கும். 'பெட்ரோல் போதவில்லை' என்று எஞ்சின் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும், பிளக்கில் கரி ஏறும். இப்படிப்பட்ட வண்டியில் காரணம் தேடுகிறவர்கள் இன்ஜெக்டரையும் சென்சாரையும் மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கு முன் இணைப்பில் பேக்கிங்காக இருக்கும் ஒரு சிறிய செம்பு வளையத்தைப் பார்த்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். சைலன்சர் வழியாகப் போகிற புகை ஓட்டுபவரின் பின்னால் வெளியேறுகிறது. எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் குழாய் சேரும் 'ஹெட் இணைப்பில்' கசியும் புகை அவர் காலடியிலிருந்து மேலே வருகிறது. இந்தக் கட்டுரையில் எஞ்சினை ஓடவிடச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் திறந்த வெளி என்று சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கும் ஷெட்கூடப் போதாது.

இணைப்பு ஏன் தளர்கிறது?

காரணம் சூடு, அதிலும் சூடேறி ஆறி மறுபடி சூடேறுவது. எஞ்சின் பளு தூக்கி ஓடும்போது வால்வைத் தாண்டி வரும் புகை 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஹெட்டை ஒட்டிய குழாயின் வெளிப்பரப்பே 300 டிகிரியைத் தாண்டும். 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். ஆறினால் திரும்பச் சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கிறது. ஹெட் அலுமினியம், குழாய் ஸ்டீல். அலுமினியம் சாதாரண ஸ்டீலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் இரண்டும் ஒன்றோடொன்று உரசி நகர்ந்துகொண்டே இருக்கும். கூடவே எஞ்சினின் அதிர்வும் உண்டு.

தொடக்கத்தில் சொன்ன 'சூடானால் சத்தம் மறைகிறது' என்பதற்கும் இதுவே விளக்கம்: உலோகம் விரிந்து இடுக்கைத் தற்காலிகமாக மூடிக்கொள்கிறது. மறைந்துவிட்டதே என்று விட்டுவிட்டால், அந்த இடுக்கு வழியாகப் பாயும் புகை முகத்தை மெல்ல அரித்துக் குழியாக்கிவிடும்.

எங்கெல்லாம் கசியலாம்?

முதல் இணைப்பு, சிலிண்டர் ஹெட்டும் அதிலிருந்து வளைந்து இறங்கும் பெண்ட் பைப்பும் சேரும் இடம். இரண்டு ஸ்டட் (ஹெட்டில் பதிந்து வெளியே நீளும் மரைத்தண்டு), இரண்டு நட், ஒரு ஃபிளேஞ்ச் (குழாயின் வாயை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் தகடு), உள்ளே ஒரு பேக்கிங் வளையம். கசிவுகளில் மோசமானது இங்கேதான் வரும். இரண்டாவது, பெண்ட் பைப் சைலன்சருக்குள் நுழையும் இடம். ஒரு குழாய்க்குள் இன்னொன்று செருகி மேலே கிளாம்ப் போட்டிருக்கும். சில வண்டிகளில் கிளாம்ப்புக்குப் பதில் ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். இவை தவிர ஆக்சிஜன் சென்சாரின் மரை, வெளிக்காற்றைக் கொண்டுவரும் சிறு குழாயின் பேக்கிங், வெல்டிங்கில் விழும் விரிசல், துருப்பிடித்து விழுந்த ஊசித்துளை.

இன்னொரு துளையும் உண்டு, அதைத் தொடக் கூடாது. சைலன்சரின் அடிப்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால், அது தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே போட்டது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்வரை அது ஆவியாகப் போய்விடும். குறைந்த தூரமே ஓட்டி நிறுத்தினால் சைலன்சருக்குள் தங்கிவிடும். அந்த ஓட்டையைக் கசிவு என்று நினைத்து அடைத்தால் சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டையாகும்.

கண்டுபிடிப்பது

முதலில் வெறும் கண்ணால் பாருங்கள். கசியும் இணைப்பில் ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருக்கும். இடுக்கில் ஆரம்பித்து விசிறி மாதிரி விரிந்து போகும் அந்தக் கறுப்புத் தடம் பொய் சொல்லாது. ஹெட்டின் கூலிங் தகடுகளுக்கு நடுவிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பக்கம் கசிந்தால் கரி அங்கே போய்ப் படியும், கீழிருந்து பார்த்தால் தெரியாது.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து முதல் சில வினாடிகளுக்குள் கையை இணைப்பிலிருந்து சற்றுத் தள்ளி, தொடாமல் சுற்றிக் கொண்டுபோங்கள். கசியும் இடத்தில் சின்னச் சின்ன ஊதல் கையில் படும். குழாய் மிக வேகமாகச் சூடேறும் என்பதால் இதை நீட்டிக்க வேண்டாம்.

சத்தம் ஹெட்டுக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டில் இருந்து வருகிறதா, இணைப்பில் இருந்தா என்று குழப்பமாக இருந்தால், ஒரு நீளமான ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை அங்கங்கே கொண்டுபோய்க் கேளுங்கள். இடம் தெளிவாகப் பிரிந்து தெரியும். இன்னொரு வித்தியாசமும் உண்டு: ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பளு கூடும்போது கசிவுச் சத்தம் கூர்மையாகும்.

எனக்குப் பிடித்த சோதனை சோப்புத் தண்ணீர்தான். எஞ்சினை ஓட்டவே வேண்டாம். காற்றை ஊதவும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சரின் வாயில் வைத்துத் துணியால் சுற்றி, உள்ளே காற்று ஊதுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். கசியும் இடத்தில் நுரை கொப்பளித்து வளரும். செருகு இணைப்பில் ஒன்றிரண்டு சின்னக் குமிழி வருவது இயல்புதான், அதற்குக் கவலைப்பட வேண்டாம். ஹெட் இணைப்பில் ஒன்றுகூட வரக் கூடாது.

எதைக் கொண்டு அடைப்பது?

ஹெட் இணைப்புக்குப் பேக்கிங் வளையம். சிலவற்றில் அது முழுச் செம்பு. சிலவற்றில் மெல்லிய செம்பு அல்லது ஸ்டீல் உறைக்குள் கிராஃபைட் அல்லது நார் அடைத்திருக்கும். எதுவானாலும் நசுங்குவதற்கென்றே செய்த பொருள். ஒரு தடவை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. பெண்ட் பைப்பைக் கழற்றினால் வளையத்தையும் மாற்றிவிடுங்கள். இதில் மிச்சம் பிடிப்பது மறுபடி கழற்றுவதில்தான் போய் முடியும். வேறு வழியே இல்லாத நேரத்தில், முழுச் செம்பு வளையமாக இருந்தால் மட்டும், மங்கிய சிவப்பு வரும்வரை சூடேற்றி ஆறவிட்டால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகும். தானாக ஆறினாலும் தண்ணீரில் போட்டாலும் மென்மை ஒன்றுதான். உறை வளையங்களில் இந்த வேலை எடுபடாது.

செருகு இணைப்புக்குச் சில கம்பெனிகள் கிராஃபைட் உருளை ஒன்றைக் கொடுக்கின்றன. சிலவற்றில் ஒன்றுமே இருக்காது, உலோகத்தின் மேல் உலோகம்தான். பசைக்கு இடம் இருப்பது இங்கே.

பசையில் இரண்டு சாதி உண்டு. சிலிக்கான் பசை ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும், அதிர்வைத் தாங்கும். ஆனால் 'ஹை டெம்ப்' என்று போட்டிருப்பவையும் பெரும்பாலும் 300 முதல் 370 டிகிரிக்குள்தான் தாங்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மேலே சொன்ன புகையின் சூட்டை நினைத்துப் பாருங்கள்: ஹெட் இணைப்பில் அது வெந்து சாம்பலாகிவிடும். ஹெட்டிலிருந்து தள்ளி, சைலன்சர் பக்கம் இருக்கும் செருகு இணைப்பில் நன்றாக உழைக்கும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில், சென்சாருக்குக் கேடு செய்யாதது என்று டியூபில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். சில சிலிக்கான்கள் இறுகும்போது விடும் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும்.

இன்னொரு சாதி, மண் குழம்பு மாதிரி சாம்பல் நிறத்தில் வரும் எக்ஸாஸ்ட் பேஸ்ட். இது 1,000 டிகிரி வரைகூடத் தாங்கும். ஆனால் காய்ந்தால் கல். வளையாது. அதிரும் இடத்தில் விரிசல் விட்டு உதிரும். இரண்டு குழாய் இறுக்கமாகச் செருகி கிளாம்ப் அசையாமல் பிடித்திருக்கும் இணைப்பில் இது சிறப்பு; ஆடும் இணைப்பில் வீண்.

டெஃப்லான் டேப்பை எங்கேயும் போடாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அது சிதைய ஆரம்பித்து நச்சுப்புகை விடும். எப்பாக்சி மாவு உருட்டி அப்புவதும் இந்தச் சூட்டில் நிற்காது. குழாயின் மேல் சுற்றும் நார்ப்பட்டை சூட்டை உள்ளே வைப்பதற்கானது, கசிவை அடைக்காது. அடியில் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவைக் கூட்டும்.

ஹெட் இணைப்பைச் சரிசெய்வது

இந்த வேலையில் கடினமானது பேக்கிங் போடுவது இல்லை, நட்டைக் கழற்றுவதுதான். வருடக்கணக்கில் வெந்த நட்டும் ஸ்டட்டும் துருவால் ஒன்றாகிப்போயிருக்கும். பலத்தைக் காட்டினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அதைத் துளைபோட்டு எடுப்பது பட்டறை வேலை. அதனால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டு ஊறவிடுங்கள். கம்பிப் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பேனரைவிட ஆறு பக்கமும் பிடிக்கும் சாக்கெட் நல்லது. கால் சுற்றுக் கழற்றி, மறுபடி கொஞ்சம் முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகப் போங்கள். நட் திரும்பும்போது 'கிறீச்' என்று சத்தம் வந்தால் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் கையில் பிசுபிசுவென்று இழுப்பது போலத் தோன்றினால் உடனே நிறுத்துங்கள்: ஸ்டட் முறுக்கிக்கொண்டு வருகிறது, அடுத்தது முறிவுதான்.

பெண்ட் பைப்பை எடுத்ததும் ஹெட்டின் புகை வாயிலை நன்றாகப் பாருங்கள். பழைய வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, ஹெட்டின் உலோகத்தோடு உலோகமாகக் கறுத்துக் கிடக்கும். வளையமே இல்லாத வண்டி போலத் தோன்றும். கூரான ஒரு கம்பியால் விளிம்பைக் கீறிப் பாருங்கள். கரிக்குக் கீழே செம்பு நிறத்தில் ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தால் அது வளையம். அதை எடுக்காமல் புதியதை அதன் மேலேயே வைத்தால், இரண்டு வளையம் அடுக்காகி, ஃபிளேஞ்ச் முழுதாக உட்காராமல் புதுப் பேக்கிங்கும் முதல் நாளிலிருந்தே கசியும். 'புதுசு போட்டும் நிற்கவில்லை' என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வளையத்தை எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவரை அடித்து நெம்ப வேண்டாம். அலுமினியம் மிருதுவானது, அதில் விழும் ஒரு கீறல் பிறகு புகை போகும் வழியாகிவிடும். வளையத்தின் உள்விளிம்பைக் கம்பிக் கொக்கியால் மடக்கி, மெல்ல மெல்லச் சுற்றிலும் கிளப்புங்கள். மீதிக் கரியைப் பித்தளைப் பிரஷ்ஷோ மரக்குச்சியோ கொண்டு சுரண்டுங்கள். மிகப் பழைய வண்டி என்றால் அந்தக் காலத்துப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு: நனைத்துவிட்டு எடுங்கள், உலர்ந்த தூளை ஊதவோ தேய்க்கவோ வேண்டாம்.

புதிய வளையத்தை வாயிலில் வைத்தால் கீழே விழும். வளையத்தில் இரண்டு மூன்று இடத்தில் பொட்டு அளவு கிரீஸ் தடவி ஒட்டவைத்தால் நிற்கும். முதல் சூட்டிலேயே கிரீஸ் எரிந்துபோகும், கெடுதல் இல்லை. இங்கே பசை வேண்டாம்.

இனி ஏற்றுவது. வரிசை முக்கியம். பெண்ட் பைப்பை ஹெட்டில் வைத்து நட்டுகளைக் கையாலேயே திருகி விடுங்கள். சைலன்சரைச் செருகி, அதைத் தாங்கும் போல்ட்டையும் தளர்வாகவே மாட்டுங்கள். எல்லாம் அதனதன் இடத்தில் இயல்பாகத் தொங்குகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். அப்புறம் முதலில் ஹெட் நட், பிறகு கிளாம்ப், கடைசியில் தாங்கும் போல்ட். பின்னால் இருக்கும் போல்ட்டை முதலில் முறுக்கிவிட்டால் குழாய் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும். ஹெட்டில் வளையத்தின் ஒரு பாதி நசுங்கும், மறு பாதி நசுங்காது. போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவில்லை என்றால் நெம்பிச் சேர்க்காதீர்கள். தாங்கும் தகடு வளைந்திருக்கிறதா, ரப்பர் புஷ் நைந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இழுவையோடு இறுக்கினால் கசிவு மட்டுமல்ல, ஒரு நாள் வெல்டிங்கும் விரிசல் விடும்.

ஹெட் நட்டுகளை மாற்றி மாற்றி, கால் சுற்று இதில், கால் சுற்று அதில் என்று முறுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஃபிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும், அதுதான் சட்டம். ஒரு மதிப்புக்காகச் சொல்கிறேன்: 6 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் ஐந்து கிலோ எடை தொங்கினால் வரும் விசை அவ்வளவே. கை பழகாதவர்கள் இதைவிடப் பல மடங்கு முறுக்கிவிடுவார்கள். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தாலும் வாங்கிப் பயன்படுத்துங்கள்.

தலை மூடிய நட் போட்ட வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டட் நீளமாக வெளியே நின்றால், அதன் முனை நட்டின் கூரையில் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகிவிட்டது போலத் தெரியும்; ஃபிளேஞ்ச் மேல் அழுத்தமே வந்திருக்காது. முறுக்கிய பிறகும் ஃபிளேஞ்ச் கையால் ஆடினால் இதைச் சந்தேகப்படுங்கள். ஒரு வாஷர் சேர்த்தால் தீர்ந்தது.

மரையில் சூடு தாங்கும் செம்பு கிரீஸ் கொஞ்சம் தடவினால் அடுத்த தடவை ஸ்டட் முறியும் பயமில்லை. ஆனால் உராய்வு குறைவதால் அதே முறுக்கில் இழுவிசை கூடிவிடும். மேனுவல் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எட்டும் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

செருகு இணைப்பு

இங்கே கவனிக்க வேண்டியது வெளிக்குழாயின் விளிம்பில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் கீற்று. கிளாம்ப் இறுக்கும்போது குழாய் சுருங்குவதற்காக அது இருக்கிறது. உட்குழாய் அந்தக் கீற்றின் முடிவையும் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் கீற்றின் வால்பகுதி வழியாகப் புகை வந்துகொண்டேதான் இருக்கும். செருகுவதற்கு முன் கீற்றின் நீளத்தை அளந்து, உட்குழாயில் அதைவிடச் சற்றுக் கூடுதலான தூரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். செருகிய பிறகு கோடு வெளியே தெரியக் கூடாது.

இரண்டு குழாயையும் உப்புத்தாளால் தேய்த்துப் பழைய பசையையும் துருவையும் எடுங்கள். குழாயைச் சுற்றி வட்டமாகத் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் புகைக்கு ஒரு பாதை. பசை போடுவதானால் உட்குழாயின் வெளிப்பக்கத்தில் மட்டும், மெல்லிய ஒரு பட்டையாக. அப்போதுதான் செருகும்போது மிச்சப் பசை வெளியே வழித்துத் தள்ளப்படும். வெளிக்குழாயின் உள்ளே தடவினால் அது மொத்தமாகக் குழாய்க்குள் திரண்டு புகை வழியில் நிற்கும்.

கிராஃபைட் உருளை உள்ள வண்டியில் பசை வேண்டாம். உருளையை முதலில் வெளிக்குழாயில் வைத்து, பிறகு உட்குழாயை நேராகத் தள்ளுங்கள். திருகினாலோ சாய்த்தாலோ அது பிஸ்கட் போலப் பொடிந்துவிடும். பழையதைக் கழற்றினால் பெரும்பாலும் உடைந்துதான் வரும், புதியது வாங்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

கிளாம்ப்பின் வாய் குழாயின் கீற்றுக்கு நேராக வராமல் தள்ளி இருக்கட்டும். ஸ்பிரிங் இணைப்பாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, கொக்கி தேய்ந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். அது அசைவதற்கென்றே செய்த இணைப்பு. அங்கே கல்லாக இறுகும் பேஸ்ட்டைப் போட்டால் அசைவைத் தாங்காமல் உடையும், சிலிக்கான்தான் பொருத்தம்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எஞ்சினில் பெருத்த வயிறுள்ள சைலன்சர் திருப்பி அனுப்பும் அழுத்த அலைதான், வெளியே தப்பும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே வாயிலில் கசிந்தால் இழுவை குறைவது உடனே தெரியும். இணைப்பில் கறுப்பு எண்ணெய் வடிவது அதற்கு அடையாளம்.

முதல் ஓட்டம்

பசை போட்டிருந்தால் டியூபில் சொன்ன நேரம் காயவிடுங்கள். சிலிக்கானுக்குப் பொதுவாக ஒரு நாள். பேஸ்ட்டில் தண்ணீர் இருக்கிறது. உடனே வேகமாக ஓட்டிச் சூடேற்றினால் அது ஆவியாகி, பசைக்குள் கொப்புளம் விட்டுத் துளையாகும். முதலில் ஐடிலிங்கில் சில நிமிடம், பிறகு நிறுத்தி ஆறவிடுவது என்று மெல்லப் போங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் குழாயின் மேல் பட்ட கைரேகை, எண்ணெய், கிரீஸ் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் குழாயில் எண்ணெய்க் கறை வெந்துவிட்டால் பிறகு போகவே போகாது.

ஒரு முறை நன்றாகச் சூடேறி முழுதாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். முதல் சூட்டில் வளையம் இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கும், நட் சற்றே இடம் கொடுக்கும். இந்த ஒரு தடவையை விட்டுவிடுவதால்தான் பல நல்ல வேலைகள் ஒரு மாதத்தில் வீணாகின்றன.

அடுத்த சில நாள் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் ஒரு வெள்ளைத் துணியால் இணைப்பைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணியில் புதுக் கரி ஏறவில்லை என்றால் வேலை முடிந்தது. மறுபடியும் அதே இடத்தில் கரி வந்தால் இன்னொரு வளையத்தையோ பசையையோ தேடாமல் ஃபிளேஞ்சைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். விரலால் ஓரங்களை மாற்றி மாற்றி அழுத்தும்போது அது ஆடினால் முகம் வளைந்திருக்கிறது. கொஞ்சம் வளைவு என்றால் அதே கண்ணாடியில் உப்புத்தாளை விரித்து எட்டு வடிவில் தேய்த்துச் சமன்படுத்தலாம். ஃபிளேஞ்ச் நேராக இருந்தும் கசிகிறது என்றால் குழாயின் வாய் அரித்திருக்கும், அல்லது ஃபிளேஞ்சை ஒட்டிய வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருக்கும். அதை அடைக்கப் பசை கிடையாது, வெல்டிங் தெரிந்தவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.